கல்லுக்கு முன்னால் விழுந்த கோடு

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு வருகிறவர்களில் பலர் மாத்ருபூதேஸ்வரர் கோயிலை ஒரு நடைவழியாகத்தான் பார்க்கிறார்கள். ரமணரின் சமாதி மண்டபத்துக்குப் போகும் அவசரத்தில் கருங்கல் தூண்களைத் தாண்டி, மூலவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஊருக்குள் 217 அடி ராஜகோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இந்தச் சிறிய கோயில் பெரிதாகப் படாததில் வியப்பில்லை. ஆனாலும், தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டில் எழுந்த கற்கோயில்களில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது எது என்று கேட்டால், நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ரமணரின் தாயார் அழகம்மாள் 1922 மே 19 அன்று மறைந்தார். மலையின் தெற்கு அடிவாரத்தில் அவரை அடக்கம் செய்து, மேலே லிங்கம் வைத்து வழிபட்டார்கள். ஆசிரமமே அந்த இடத்தைச் சுற்றித்தான் வளர்ந்தது. கற்கோயிலுக்கு 1939 செப்டம்பர் 1 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் தொடங்கிய அதே நாள். குடமுழுக்கு நடந்தது 1949 மார்ச் 17. இடையில் போர், தட்டுப்பாடு, நாட்டு விடுதலை எல்லாம் வந்து போயின. ஒன்பதரை ஆண்டுகள் இழுத்த அந்த வேலையை ஏற்றுச் செய்தவர் வைத்தியநாத ஸ்தபதி. பிள்ளையார்பட்டி ஸ்தபதிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

கோயிலின் வெளிச்சுவரை ஒட்டி, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நின்று பாருங்கள். சிற்பங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கீழே, அதிஷ்டானத்தைப் பாருங்கள். தரையை ஒட்டி உபானம், அதன்மேல் ஜகதி, அதற்கும் மேல் உருண்டு நிற்கும் குமுதம், உள்ளொடுங்கிய கண்டம், மறுபடி வெளியே நீளும் பட்டிகை. ஏதோ அலங்காரத்துக்காக வரிவரியாக வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்ச நேரம் நின்றால் வேறொன்று புலப்படும். குமுதத்தின் வளைவில் வெளிச்சம் ஒரு கோடாக ஓடுகிறது. கண்டத்தில் நிழல் பட்டையாகத் தேங்குகிறது. பட்டிகையில் மறுபடி வெளிச்சம். டன் கணக்கில் கனக்கும் ஒரு கருங்கல் சுவரின் அடி, வெளிச்சமும் நிழலுமாகப் பிரிந்து இலேசாகிவிடுகிறது. வெயில் ஏற ஏற அந்தக் கோடுகள் இடம் மாறும். இதை உளி பிடித்தவர் தன் போக்கில் செய்துவிட முடியாது. குமுதம் எத்தனை பங்கு உயரம், கண்டம் எத்தனை பங்கு ஆழம் என்று கல் வெட்டுவதற்கு முன்பே ஒருவர் முடிவு செய்திருக்க வேண்டும்.

சுவர் முடியும் இடத்தில் கபோதம். வளைந்து இறங்கும் கொடுங்கை. மரக்கூரை விளிம்பைக் கல்லில் கொண்டுவந்த வடிவம் அது. நுனி மெலிந்து கீழ்நோக்கி மடங்கியிருக்கும். மழைநீர் அந்த நுனியிலிருந்தே சொட்டிவிடும், சுவரில் வழியாது. உச்சி வெயிலில் அதே கொடுங்கையின் நிழல் சுவர் மேல் விழுந்து கல்லைக் காக்கும். அழகையும் வேலையையும் இரண்டாகப் பிரித்துச் சொல்லவே முடியாத உறுப்பு. பழைய ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி, தாரமங்கலத்துத் தூண் போன்றவை நீங்கலாக எதையும் செய்து தருவோம் என்று எழுதுவார்களாம். செவிவழியாக வந்த இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. தன் தொழிலில் உச்சம் எது என்று தெரிந்தவன்தான், தன்னால் ஆகாதது இது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவான்.

நாம் கோயிலை ரசிக்கும்போது பெரும்பாலும் சிற்பத்தைத்தான் ரசிக்கிறோம். கல்லிலேயே சங்கிலி செய்துவிட்டார்கள், யாளி வாயில் கல்லுருண்டை உருள்கிறது, தூணைத் தட்டினால் ஸ்வரம் வருகிறது என்று வியக்கிறோம். அதெல்லாம் வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வேலை எல்லாம் எந்த இடத்தில், எந்த அளவில், எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று முதலில் யோசித்தவரை மறந்துவிடுகிறோம். கல் வருவதற்கு முன்னால் தரையில் ஒரு கோடு விழுகிறது. ரசனை அந்தக் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மயன் பெயரில் வழங்கும் பழைய கட்டடக்கலை நூலான மயமதம் கட்டடத் தொழிலாளரை நான்கு வகையாகச் சொல்கிறது. ஸ்தபதி முழுவதையும் மனத்தில் காண்பவர், சூத்திரகிராகி நூல் பிடித்துக் கோடு போடுபவர், தட்சகர் வெட்டுபவர், வர்த்தகி சேர்த்து நிறுத்துபவர். இன்றைக்கு ஆர்க்கிடெக்ட், டிராஃப்ட்ஸ்மேன், மேஸ்திரி, காண்ட்ராக்டர் என்று சொல்லும் பிரிவினை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது. சங்க காலத்துக்குப் போனால் நெடுநல்வாடை இருக்கிறது. குச்சி நட்டு, நிழல் பார்த்துத் திசை கண்டு, கயிறு பிடித்து அரண்மனைக்கு இடம் வகுக்கும் காட்சி அதில் வருகிறது. கட்டடத்தைப் பாட வந்த புலவர் அதற்கு முந்தைய நூல் கயிற்றையும் பாடியிருக்கிறார்.

அளவைகளும் அவ்வளவு நுணுக்கமானவை. எட்டு யவம் ஓர் அங்குலம். இருபத்துநான்கு அங்குலம் ஒரு கிஷ்கு முழம். 25, 26, 27 அங்குலங்களுக்கும் தனித்தனி முழங்கள் உண்டு. மனையை 64 பதமாக வகுத்தால் மண்டூகம், 81 ஆக வகுத்தால் பரமசாயிகம். சிலை என்றால் தாளமானம்; சிவன் போன்ற முதன்மைத் தெய்வங்களின் உத்தம தச தாளத்தில் உச்சி முதல் பாதம் வரை 124 பங்கு, தேவியருக்கு 120. இவற்றோடு, எடுத்த அளவு பொருந்துமா என்று பார்க்கும் ஆயாதி என்றொரு கணக்கு. உதாரணமாக, அதில் யோனி என்னும் பொருத்தம் பார்க்கச் சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுப்பார்கள். மிச்சம் ஒற்றைப்படையாக நிற்க வேண்டும்.

இந்தக் கணக்கில் சிலருக்கு நம்பிக்கை இருக்கும், சிலருக்கு இருக்காது. நான் அதில் ரசிப்பது அதன் விளைவை. ஆயாதி பார்த்து முடித்த ஒரு கட்டடத்தில், வேலை நடக்கும்போது யாரும் வந்து, ‘இந்தச் சுவரை ஒரு சாண் தள்ளிக் கட்டிடு’ என்று சொல்ல முடியாது. ஒரு சாண் நகர்ந்தால் கணக்கு முழுவதும் நகரும். பணம் கொடுப்பவராக இருந்தாலும், ஊர்ப் பெரியவராக இருந்தாலும் ஸ்தபதியிடம் போய்த்தான் ஆக வேண்டும். வரைந்த கோட்டை எல்லாருடைய ஆசைகளிலிருந்தும் காப்பாற்றிய வேலி அது.

இந்த ஊரில் அந்தக் கோட்டை முழுசாகப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. விருபாட்சி குகையிலிருந்து கந்தாசிரமம் வரை மலைச்சரிவில் போகும் பாதையில், மரங்கள் விலகும் இடத்தில் திரும்பி நின்றால், அருணாசலேஸ்வரர் கோயில் கீழே விரிந்து கிடக்கும். சதுரத்துக்குள் சதுரமாக மதில்கள், நான்கு புறமும் நான்கு பெருங்கோபுரம், உள்ளே வல்லாள மகாராஜா கோபுரம், கிளி கோபுரம், கட்டை கோபுரங்கள் என்று மொத்தம் ஒன்பது. சிவகங்கைத் தீர்த்தம், பிரம்ம தீர்த்தம், ஆயிரங்கால் மண்டபத்தின் கூரை. தரையில் நின்று மணிக்கணக்காகச் சுற்றினாலும் பிடிபடாத ஓர் ஒழுங்கு, இங்கிருந்து ஒரே பார்வையில் கிடைத்துவிடும். பிளான் என்று நாம் சொல்வது இதுதான். ரமணர் 1922 வரை பல ஆண்டுகள் வாழ்ந்தது இந்தச் சரிவில்தான். கோயிலின் தரைப்படம் தினமும் அவர் கண்ணெதிரே கிடந்திருக்கிறது.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்ததில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். சோழர் காலத்துப் பகுதிகள் உள்ளே. 14ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் தலைநகர் வைத்திருந்த போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளரின் பெயரில் ஒரு கோபுரம் அதற்கு வெளியே. விஜயநகர, நாயக்கர் காலப் பணிகள் அதற்கும் வெளியே. கிழக்கு ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். அவர் 1529இல் மறைந்தார். முடித்தவர் தஞ்சை நாயக்கர் சேவப்பர். ஆட்சி மாறியது, பணம் கொடுத்த கை மாறியது, வேலை செய்த தலைமுறையும் மாறியிருக்கும். பதினோரு நிலைகளில் எந்த நிலையில் ஒருவர் கை முடிந்து அடுத்தவர் கை தொடங்கியது என்று கீழே நின்று சொல்லிவிட முடியுமா? நான் முயன்று பார்த்திருக்கிறேன். அடியில் கருங்கல், மேலே கனம் குறைய வேண்டும் என்பதற்காகச் செங்கல்லும் சுதையும், ஒவ்வொரு நிலையிலும் நடுவே வெளிச்சமும் காற்றும் புகும் வாயில், நிலைக்கு நிலை ஒரே கணக்கில் ஒடுங்கும் அகலம். அரசர்கள் மாறினாலும் அளவு மாறவில்லை. ராஜகோபுரம் யார் கட்டியது என்று கேட்டால் இரண்டு அரசர்கள் பெயரைச் சொல்கிறோம். அந்த இருவருக்கும் நடுவில் கோட்டைக் கைமாற்றிக் கொடுத்த ஸ்தபதிகளின் பெயர் நம் நாவில் இல்லை.

தஞ்சைப் பெரியகோயில் இந்த விஷயத்தில் பெருந்தன்மையானது. வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயரையும், அவரோடு நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்ற பெயர்களையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார் இராஜராஜர். தன் பட்டப்பெயரையே தன் தச்சனுக்குக் கொடுத்த அரசர் அவர். வடிவமைத்தவருக்குத் தர வேண்டிய மதிப்பு எது என்று கேட்டால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் அரசர் தந்த அந்த விடையைக் காட்டலாம்.

திருவண்ணாமலையில் கூலி பற்றியும் ஒரு கதை உண்டு. வடக்குக் கோபுரம் அம்மணி அம்மாள் என்ற சந்நியாசினியின் பெயரில் நிற்கிறது, 171 அடி. செங்கத்துக்கு அருகில் உள்ள சென்னசமுத்திரத்தில் பிறந்தவர். வீடு வீடாகத் தண்டிச் சேர்த்த பணத்தில் கோபுர வேலையை முடித்தார். பணம் தீர்ந்தபோது வேலையாட்களுக்குத் திருநீற்றைப் பொட்டலமாகக் கொடுத்தாராம். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் அவரவர் வேலைக்கு உரிய கூலி சரியாக இருந்ததாம். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கட்டடம் எழுப்பியவர்களுக்கு உரிய கூலி குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊரின் கதைக்குள்ளேயே இருக்கிறது. அதை நான் போற்றுகிறேன்.

கோயிலுக்கு வெளியே வந்தால் மாடவீதிகள். இவற்றையும் கட்டடக்கலை என்றே சொல்ல வேண்டும். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்ச ரதங்கள் ஓடும். பெரிய தேர் முனை திரும்பும் இடத்தில் நின்று பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் ஒரு பக்கம் இழுக்க, முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் சொருகிச் சொருகி, அந்தப் பெரிய மரக்கட்டுமானத்தை அங்குலம் அங்குலமாகத் திசை மாற்றுவார்கள். கட்டையைப் போட்ட கை அடுத்த நொடி வெளியே வந்துவிட வேண்டும். தேரின் உயரம், சக்கரத்தின் அகலம், வடத்தின் நீளம், கூட்டம் ஒதுங்க வேண்டிய இடம் எல்லாம் சேர்ந்துதான் வீதியின் அகலத்தை முடிவு செய்திருக்கின்றன. நகரமைப்பு என்று இன்று தனிப் படிப்பாகப் படிப்பதன் நல்ல பாடம் ஒன்று தேரடி வீதி முனையில் ஆண்டுதோறும் நடக்கிறது. தேர் ஓடுகிற ஒரே காரணத்தால் அந்த வீதிகள் இன்னும் ஓரளவு அகலமாக இருக்கின்றன. தேர் வராத தெருக்களின் கதி உங்களுக்கே தெரியும்.

மறுபடி வைத்தியநாத ஸ்தபதிக்கு வருகிறேன். 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவர் அவர்தான். தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வித்தையாக இருந்தது பாடத்திட்டமும் வகுப்பறையும் கொண்ட படிப்பாக மாறியது அங்கேதான். அவருக்குப் பின் மகன் வை. கணபதி ஸ்தபதி பொறுப்பேற்று, கால் நூற்றாண்டுக்கு மேல் அதை நடத்தினார். 1927இல் பிறந்தவர், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தவர். 2011இல் மறையும் வரை அவர் ஓயாமல் வாதாடியது ஒன்றுக்காகத்தான்: ஸ்தபதி கைவேலைக்காரர் மட்டுமில்லை, கணக்கும் கோட்பாடும் அறிந்த வடிவமைப்பாளர், கட்டடம் எழுப்ப அப்படிப் பயின்ற ஒருவர் வேண்டும். மத்திய அமெரிக்க மாயர்களுக்கும் நம் மயன் மரபுக்கும் உறவு உண்டு என்று அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் தொழிலுக்காக அவர் வாதாடியதில் ஒவ்வொரு சொல்லும் சரி.

வாதத்துக்கு அவர் காட்டிய சான்று கன்னியாகுமரிக் கடலில் நிற்கிறது. 2000 ஜனவரி 1 அன்று திறந்த திருவள்ளுவர் சிலை 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். மேலே சிலை 95 அடி, பொருளும் இன்பமும். எண்ணைக் கல்லாக்கினார் என்பது ஒரு சிறப்பு. அதைவிட, உள்ளே கூடாக விட்டுக் கல்லோடு கல் கோத்து, கடற்காற்றுக்கு நடுவே இடுப்பு ஒசிந்த நிலையில் அவ்வளவு உயரச் சிலையை நிறுத்தினாரே, அதுதான் பெரிய சிறப்பு. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை வந்து மோதியது. சிலை நின்ற இடத்தில் நின்றது.

கோயிலுக்கும் சிலைக்கும்தான் இந்த அக்கறையா என்று கேட்டால், இல்லை என்பதற்கும் ரமணாசிரமத்திலேயே சான்று இருக்கிறது. ஸ்தபதி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 1928இல், அண்ணாமலை சுவாமி என்ற இளைஞர் ஆசிரமத்துக்கு வந்தார். கட்டட வேலை பயின்றவரில்லை. ரமணர் அவரிடம் வேலைகளை ஒப்படைத்து, என்ன செய்ய வேண்டும் என்று தாமே சொல்லிக்கொடுத்தார். சில வேலைகளுக்குத் துண்டுத் தாளில் கோடு போட்டுக் காட்டினார். டேவிட் காட்மன் தொகுத்த அண்ணாமலை சுவாமியின் நினைவுகளில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது. கோசாலை, உணவுக்கூடம், மருந்தகம், வேத பாடசாலை எல்லாம் அப்படி எழுந்தவை. கோசாலை சின்னதாக இருந்தால் போதும் என்று ஒரு தரப்பு சொன்னது. பெரிதாக வேண்டும் என்று ரமணர் நினைத்தார், பெரிதாகவே எழுந்தது. இன்று இருக்கும் நாலு மாட்டுக்குக் கட்டுவதா, நாளை வரப்போகும் மாடுகளுக்கும் சேர்த்துக் கட்டுவதா? டிசைன் என்பது பாதிக்கு மேல் இந்தக் கேள்விதான். கௌபீனம் தவிர வேறு உடைமை இல்லாத ஒருவர் மாட்டுக் கொட்டகையின் அளவுக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்.

இப்போது ஊருக்குள் வாருங்கள். திருவண்ணாமலை மாநகராட்சி ஆகிவிட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பி வழிகிறது. அவ்வளவு பேருக்கும் தங்க இடம் வேண்டும், சாப்பிட இடம் வேண்டும், ஒதுங்க நிழல் வேண்டும். அதனால் லாட்ஜுகள், மண்டபங்கள், அடுக்குமாடி வீடுகள் எழுந்தபடியே இருக்கின்றன. யாரிடம் பிளான் போட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “பிளான் எதுக்குங்க தனியா? மேஸ்திரியே போட்டுக் குடுத்துட்டாரு.” மேஸ்திரிகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்து அவர்கள் எழுப்பும் சுவர் நேராகத்தான் நிற்கிறது. ஆனால் மேல்காற்று எந்தப் பக்கம் வருகிறது, மே மாத வெயில் எந்தச் சுவரைச் சுடுகிறது, பக்கத்துக் கட்டடம் எழுந்தால் இந்த ஜன்னல் என்ன ஆகும் என்று யோசிக்க அவர்களுக்கு யாரும் நேரமும் தருவதில்லை, கூலியும் தருவதில்லை. விளைவு, முகப்பில் கண்ணாடி ஒட்டிய எலிவேஷன். உள்ளே பகலிலும் லைட் எரியும் அறைகள். பின்பக்கச் சுவர் முழுக்க ஏசி மெஷின்கள். கொடுங்கை வைத்து நிழல் செய்த ஊரில், ஜன்னலுக்கு மேல் ஓர் அடி சன்ஷேடுக்கே கணக்குப் பார்க்கிறார்கள்.

சட்டமும் இதில் பாதிதான் உதவுகிறது. 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் அந்தப் பட்டத்தைக் காக்கிறது. பதிவு செய்யாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வடிவமைக்கும் வேலையை மற்றவர் செய்ய அந்தச் சட்டத்தில் தடையில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, நல்ல வடிவமைப்பைக் கேட்டு வாங்க வேண்டியது கட்டுகிறவரின் பொறுப்பு. கேட்க வேண்டுமானால் அதன் ருசி தெரிந்திருக்க வேண்டும்.

இதே வாதம் இன்று ஆப்பிரிக்காவில் உரக்கக் கேட்கிறது. அங்கே நகரங்கள் வேகமாகப் பெருகுகின்றன. பெரும்பாலான வீடுகள் வடிவமைப்பாளர் யாரையும் பார்க்காமலே எழுகின்றன. புர்கினா பாசோவின் காந்தோ கிராமத்தில் பிறந்த பிரான்சிஸ் கெரே பெர்லினில் ஆர்க்கிடெக்சர் படித்தார். படிக்கும்போதே பணம் திரட்டித் தன் கிராமத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். 2001இல் முடிந்தது. மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திய செங்கல், கட்டியவர்கள் ஊர்மக்கள். கூரையில்தான் நுட்பம். தகரக் கூரை நேராக வகுப்பறைமேல் உட்கார்ந்தால் பிள்ளைகள் வெந்துவிடுவார்கள். அவர் செங்கல்லால் துளைகள் உள்ள ஓர் உட்கூரை போட்டு, கம்பிகளை வளைத்துச் செய்த சட்டங்களின் மேல் தகரத்தைத் தூக்கி வைத்தார். இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும். உள்ளே சூடாகும் காற்று துளை வழியே மேலேறிப் போய்விடும். தகரத்தின் விளிம்பு வெகுதூரம் வெளியே நீண்டு சுவருக்கு மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பாக நிற்கிறது. நம் கொடுங்கை செய்யும் அதே வேலை! அந்தச் சிறிய பள்ளிக்கு 2004இல் ஆகா கான் விருது கிடைத்தது. 2022இல் கெரே கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். ஆப்பிரிக்காவிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆர்க்கிடெக்ட் அவர். ஏழை ஊருக்கு டிசைன் எதற்கு என்பவர்களுக்கு அந்தக் கூரை ஒன்றே போதும். ஏசி வாங்க வசதி இல்லாத இடத்தில்தான் காற்றை யோசித்துக் கட்ட ஆள் அதிகம் தேவை.

தமிழருக்கு ஆப்பிரிக்க மண் புதிதுமில்லை. 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கோயில் கட்டினார்கள். முதலில் குச்சியும் மண்ணும் தகரமும். பிறகு செங்கல்லும் சுதையும். அங்கே கருங்கல் மரபும் இல்லை, மயமதம் படித்த ஸ்தபதியும் உடன் இல்லை. ஆனாலும் விமானம் எது, முன்மண்டபம் எது, எது எதைவிட உயர வேண்டும் என்ற வரிசை அவர்கள் மனத்தில் இருந்தது.

அந்த வரிசைக்கும் முன்னால், நம் நூல்கள் கட்டடத்தைத் தொடங்குவது மண்ணிலிருந்து. மயமதத்திலும் மானசாரத்திலும் நிலத்தைச் சோதிக்கும் பகுதி முன்னாலேயே வந்துவிடும். ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக நிரம்பினால் மத்திமம், குறைந்தால் அந்த இடம் ஆகாது. குழியில் மாலையில் நீர் ஊற்றிக் காலையில் பார்ப்பதும் உண்டு. இறுகிய மண்ணா, தளர்ந்த மண்ணா, நீர் எங்கே போகிறது என்பதைக் கருவி இல்லாமல் கண்டுபிடிக்கும் வழி. ஸ்தபதியின் முதல் வேலை இங்கே கட்டலாமா, கூடாதா என்று சொல்வது.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அந்தச் சரிவில் வீடு கட்டியவர்கள்மேல் பழி போடுவது அநியாயம். வேறு இடம் வாங்க முடியாதவர்கள்தான் மலையடிவாரத்துக்கு ஏறுகிறார்கள். மலைநீர் எந்தத் தடத்தில் இறங்கும், எந்தப் பாறைக்குக் கீழே பிடிமானம் இல்லை என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவரை நாம் அனுப்பியிருக்கிறோமா? அதே மலையின் தெற்கு அடிவாரத்தில், ஆசிரமத்தின் பின்புறம், மலைநீரிலிருந்து இடத்தைக் காக்கும் கல் தடுப்புச்சுவர் ஒன்று இருக்கிறது. அண்ணாமலை சுவாமியிடம் ரமணர் ஒப்படைத்த தொடக்க வேலைகளில் ஒன்று அது. உணவுக்கூடம் கட்டுவதற்கு முன்பே அந்தச் சுவர் எழுந்துவிட்டது.

மண்ணைப் போலவே உயரத்தையும் யோசிக்க வேண்டும். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் உயரக் கூடாது என்ற விதி இருக்கிறது. திருவண்ணாமலைக்கு அதைவிட நுணுக்கமான விதி வேண்டும். இங்கே பின்னால் 2,668 அடி மலை நிற்கிறது. கார்த்திகை மாலையில் தீபத்தைத் தெருவில் நின்று பார்க்க முடிய வேண்டும். மாநகராட்சியில் கட்டட அனுமதிக்கு வரும் வரைபடங்களைப் பார்க்க, மரபு தெரிந்த ஒருவரும் புதுக் கட்டடக்கலை தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். மாமல்லபுரத்தில் இன்றும் மரபுக் கட்டடக்கலையில் பட்டம் பெற்று வெளியே வருகிறவர்கள் இருக்கிறார்கள்; சென்னையில் படித்துத் திரும்பிய இந்த மாவட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாடவீதிகளை ஒட்டி மூன்று மாடிக்கு மேல் போகும் எந்தக் கட்டடமானாலும், அதன் படத்தை எடுத்துக்கொண்டு அந்த இருவரும் கந்தாசிரமப் பாதையில் ஏறட்டும். ஒன்பது கோபுரங்களும் தெரியும் இடத்தில் நின்று புதிய கட்டடத்தை அந்தக் காட்சிக்குள் வரைந்து பார்க்கட்டும். சரியாக அமர்ந்தால் கையெழுத்துப் போடட்டும். இல்லையென்றால் கட்டுகிறவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஏறட்டும். அரை மணி நேர ஏற்றம்தான்.